தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தோம்

விண்வெளி நிலையச் சட்டகம் ஒன்றின் சின்ன மாதிரியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். அது செகண்டுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பார்க்க, ஒரு முனையில் முதல் போனைக் கட்டித் தட்டியபோது திரையில் 41 என்று வந்தது. மறுமுனையில் இன்னொரு போனைக் கட்டித் தட்டினோம். 44 வந்தது. எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழுதாமல் நின்றாள்.

"சேர், கனம் கூடினா மெதுவாத்தானே ஆடணும்? இது ஏன் கூடுது?"

அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது. அந்தப் பதிலையும், அதைத் தேடப் போய்க் கற்றுக்கொண்ட மற்ற விசயங்களையும் எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்படி ஒரு வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கொஞ்சமாவது பயன்படும்.

நான் ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். 2019 ஜூன் 17-ஆம் திகதி ராவணா-1 சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் செய்த செய்மதி அது. பத்து சென்டிமீட்டர் பெட்டி, சுமார் ஒரு கிலோ. அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. "நாமளும் ஏதாவது செய்யலாமா சேர்?" என்று கேட்டார்கள். செய்மதி செய்ய எங்களிடம் காசும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் விண்ணுக்குப் போகும் ஒரு பொருள் அங்கே எப்படி அதிரும் என்று தரையிலேயே கண்டுபிடிக்கும் வேலைக்குக் கயிறு, சுத்தியல், பொறுமை மூன்றும் போதும். சரி, அதையே செய்வோம் என்று தொடங்கினோம்.

அதிர்வை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள் என்று முதலில் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. விண்ணில் ஒரு பொருள் ஆடத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்தத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. 1958-இல் அமெரிக்கா அனுப்பிய எக்ஸ்புளோரர்-1 தன் நீள அச்சில் பம்பரம்போல் சுழல வேண்டும் என்பது திட்டம். அதிலிருந்த நான்கு மெல்லிய அன்டெனாக் கம்பிகள் வளைந்து வளைந்து சக்தியைத் தின்றதில், சுழற்சி கவிழ்ந்து செய்மதி குறுக்குவாட்டில் சுற்ற ஆரம்பித்தது. 1990-இல் போன ஹபிள் தொலைநோக்கி வெயிலுக்குள் நுழையும்போதும் நிழலுக்குள் போகும்போதும் அதன் சூரியப் பலகைகள் சூடேறி, குளிர்ந்து, மெதுவாக ஆடின. ஓர் ஆட்டத்துக்குப் பத்து செகண்ட் அளவு பிடிக்கும் அந்த அசைவு தொலைநோக்கியின் பார்வையையே குலைத்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்ப் பலகைகளை மாற்றினார்கள். இதைச் சொன்ன பிறகு "எதுக்கு சேர் இது?" என்று யாரும் கேட்கவில்லை.

முழு அளவில் செய்து ஆட்டிப் பார்ப்பதுதான் நேர்வழி. நிலவுக்குப் போன சாட்டர்ன்-5 ராக்கெட்டை 1966, 67-இல் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு கோபுரத்துக்குள் முழுசாக நிறுத்தி ஆட்டினார்கள். அதற்குள்ளே நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் அதே ராக்கெட்டைப் பத்தில் ஒன்றாகவும் நாற்பதில் ஒன்றாகவும் செய்து ஆட்டிப் பார்த்திருந்தார்கள். பின்னாளில் விண்ணோடத்துக்கும் எட்டில் ஒன்று, நாலில் ஒன்று என்று மாதிரிகள் வந்தன. ராக்கெட்டாவது தன் காலில் நிற்கும். விண்வெளியில் பூட்டப்படும் நீளமான சட்டகம் தரையில் தன் கனத்தையே தாங்காது. அதைச் சின்னதாகச் செய்துதான் பார்க்க முடியும்.

சின்னதாக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கக் கோயில் மணி போதும். பெரிய மணி ஆழமாக ஒலிக்கும், பூசாரி கையிலுள்ள மணி கிணுகிணுவென்று ஒலிக்கும். அதே பொருளில், தடிப்பு உட்பட எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்கினால் திணிவு ஆயிரத்தில் ஒன்றாகிறது. மீடிறன், அதாவது செகண்டுக்கு எத்தனை அதிர்வு என்ற எண், பத்து மடங்காகிறது. (தமிழ்நாட்டில் அதிர்வெண் என்று படித்தவர்களுக்கு: இரண்டும் ஒன்றுதான்.) ஆகவே மாதிரியில் அளந்ததைப் பத்தால் வகுத்தால் உண்மையானதன் மீடிறன் வந்துவிடும். நாங்கள் அப்படித்தான் நம்பித் தொடங்கினோம்.

1980-களில் அமெரிக்கா திட்டமிட்ட ஃப்ரீடம் என்ற விண்வெளி நிலையத்தின் முதுகெலும்பு 5 மீட்டர் கனசதுரங்களை அடுக்கிய சட்டகம். அந்த வடிவில் அது கட்டப்படவில்லை, பிறகு மாறி இன்றைய சர்வதேச நிலையமாக ஆனது. ஆனாலும் படிப்பதற்கு அது நல்ல உருவம். எட்டுக் கனசதுரங்களைப் பத்தில் ஒன்றாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர், மொத்த நீளம் 4 மீட்டர். 100 குழாய், 36 மூட்டு.

குழாய்க்குத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் கூரைகள் கைகொடுத்தன. எல்லார் வீட்டிலும் டிஷ் வந்த பிறகு பழைய அலுமினிய அன்டெனாக்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன. பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள். வெட்டிய குழாயின் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, போல்ட் நட்டு போட்டு முடுக்கினோம். மூட்டுகளும் சேர்த்து எல்லாம் ஐந்து கிலோவைச் சற்றுத் தாண்டியது. இரண்டு பக்கமும் சூரியப் பலகைக்கு மூங்கில் சிம்பில் ஒரு சட்டம், அதன்மேல் பாலித்தீன். ஒவ்வொரு பலகையும் 1.6 மீட்டர் நீளம்.

முதலில் பாடசாலை மண்டபத்தில் தொங்கவிட்டோம். கூரை உயரம் குறைவு, ஒரு மீட்டர் கயிறுதான் விட முடிந்தது. எங்கே கட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சீரான நீளமான பொருள் முதல் வகையில் வளைந்து அதிரும்போது இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கும், முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதத்தில். நான்கு மீட்டருக்கு அது 90 சென்டிமீட்டர். எங்களுக்குப் பக்கத்து மூட்டு ஒரு மீட்டரில் இருந்தது, அங்கே கட்டினோம். அசையாத இடத்தில் கட்டினால் கயிறு அதிர்வைத் தொந்தரவு செய்யாது. இதைத் தெரியாமல் முனைகளில் கட்டித்தான் முதல் நாள் முழுக்க வீணானது.

சட்டகம் சரி. பலகைதான் படுத்தியது. விரலால் லேசாகத் தள்ளினால் பலகையும் ஆடுகிறது, மொத்தமும் ஊஞ்சல்போல் போய்வருகிறது. எது எதனுடைய ஆட்டம் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு மீட்டர் கயிற்றில் தொங்கும் எதுவும் செகண்டுக்கு அரைத்தடவை ஊசலாடும். பலகையின் மீடிறன் ஒன்றை ஒட்டித்தான் வரும் என்று கணக்குச் சொன்னது. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். தொங்கலின் மீடிறன், நாம் அளக்கப்போகும் மீடிறனில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, பத்தில் ஒன்றென்றால் இன்னும் நல்லது. இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டிய எண் இதுதான்.

ஊசலின் மீடிறனைப் பாதியாக்கக் கயிறு நான்கு மடங்கு நீள வேண்டும். எங்கள் பலகைக்கு 1.2 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 1.2 தடவை) என்று வைத்துக்கொண்டால் தொங்கல் 0.24-இல் இருக்க வேண்டும், கயிறு 4.3 மீட்டர். இதையே முழு அளவுப் பலகைக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 0.12 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒன்று 0.024, கயிறு 430 மீட்டர். இலங்கையின் மிக உயரமான பம்பரகந்த அருவியே 263 மீட்டர்தான். மாதிரியை ஏன் சின்னதாகச் செய்கிறார்கள் என்பதற்கு அன்றைக்குக் கரும்பலகையில் வந்த அந்த 430-ஐவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பொருளைச் சின்னதாக்கினால் அதன் அதிர்வு வேகமாகிறது, பூமியின் இழுப்பு அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விரிகிறது.

ரப்பரில் தொங்கவிட்டாலும் கணக்கு இதேதான். கனத்தைத் தொங்கவிட்டதும் ரப்பர் எவ்வளவு நீள்கிறதோ அதைக் கயிற்று நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் நீண்டால் மேலுங்கீழும் செகண்டுக்கு ஒரு தடவை ஆடும். சைக்கிள் டியூபை வாராக வெட்டிக் கட்டினோம். சட்டகத்துக்கு அது தாராளம்.

4.3 மீட்டருக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் சாக்குத் தட்டுகளில் கொழுந்து வாட்டிய மேல்மாடி சும்மா கிடந்தது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடம் கேட்டு, அவர் தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்டு, அனுமதி வந்தது. மேல் மாடியின் இரும்பு உத்தரத்தில் கட்டி, கொழுந்து கீழே இறக்கும் திறப்பு வழியாகக் கயிறுகளை இறக்கினோம். கீழ்த்தளத்துக்குச் சற்று மேலே சட்டகம் மிதந்தது. பலகைகளைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பு மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தினோம். அப்படி வைத்தால் பலகை பக்கவாட்டில் ஆடும், அதன் கனம் அதைக் கீழ்நோக்கி வளைக்காது.

அங்கே போய் முதல் தடவை அளந்தபோது யாரும் தொடாமலே சட்டகம் அசைந்துகொண்டிருந்தது. போனில் பார்த்தால் செகண்டுக்கு 0.7 தடவை. காற்று என்று நினைத்து ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தோம். நிற்கவில்லை. அப்புறம்தான் கீழே கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரங்கள் ஓடுவது உறைத்தது. ரோலர் நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் சுற்று சுற்றும், வகுத்தால் 0.7. கட்டடமே அந்தத் தாளத்தில் அசைந்துகொண்டிருந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இயந்திரங்கள் ஓய்ந்த பிறகுதான் அளந்தோம். எதையும் தட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா பதிவுசெய்து பாருங்கள். இடம் தானாக என்ன பேசுகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு அதை மாதிரியின் தலையில் கட்ட மாட்டீர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

போனில் இருக்கும் ஆர்முடுகல் (தமிழ்நாட்டில் முடுக்கம்) உணரி செகண்டுக்கு 100 தடவை அளந்து எழுதுகிறது. அதனால் அதில் பாதி, 50 ஹெர்ட்ஸ் வரைதான் அதற்குப் பார்வை உண்டு. அதற்கு மேலே போகும் அதிர்வை அது விட்டுவிடுவதில்லை, மடித்துக் கீழே காட்டுகிறது. படங்களில் வேகமாக ஓடும் வண்டியின் சில்லு பின்பக்கம் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதேதான். திரையில் 41 என்று வந்தது உண்மையில் 59. நூறிலிருந்து கழித்தால் கிடைக்கும். இரண்டாவது போன் ஏறியதும் உண்மையான மீடிறன் 56-க்கு இறங்கியது. நூறிலிருந்து 56 போனால் 44. இறங்கியது ஏறியதுபோலத் தெரிந்தது இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கனம் கூடினால் மீடிறன் குறைய வேண்டும் என்று அவள் உறுதியாக நின்றதால்தான் நாங்கள் தப்பினோம். எண் நன்றாக வந்தது என்று எழுதிக்கொண்டு போயிருந்தால் எங்கள் சட்டகம் 41 ஹெர்ட்ஸ் என்றே கண்காட்சிக்குப் போயிருக்கும். இன்றைக்கும் எந்த அளவீட்டிலும் இதைச் செய்கிறேன். தெரிந்த ஒரு கனத்தை ஏற்றி, எண் நகர வேண்டிய பக்கம் நகர்கிறதா என்று பார்க்கிறேன். நகராவிட்டாலோ எதிர்ப்பக்கம் போனாலோ அளவீட்டில் கோளாறு.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு போன் 180 கிராம். ஐந்து கிலோச் சட்டகத்துக்கு அது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் முனைதான் அதிகமாக ஆடும் இடம், அங்கே வைக்கும் கனத்துக்குப் பலன் நான்கு மடங்கு. அளக்க வந்த போனே விடையைக் கிட்டத்தட்ட நான்கு ஹெர்ட்ஸ் இறக்கிவிட்டது. போன் இல்லாமல் எவ்வளவு இருந்திருக்கும்? அதற்கு வழி உண்டு. மீடிறனை வர்க்கமாக்கி ஒன்றை அதால் வகுத்து, கனத்துக்கு எதிரே வரைபில் போட்டால் நேர்கோடு வரும். ஒரு போனுக்கு ஒரு புள்ளி, இரண்டு போனுக்கு ஒரு புள்ளி, கோட்டைப் பின்னால் நீட்டினால் கனம் இல்லாத இடத்தில் 62.5 வந்தது.

அதைச் சரிபார்க்கப் பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டை ஒன்றைப் பிரித்தோம். அதற்குள் இருக்கும் மெல்லிய வட்டத் தகடு மின்சாரம் கொடுத்தால் ஒலிக்கும், அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். கனம் ஓரிரண்டு கிராம்தான். அதைச் சட்டகத்தில் ஒட்டி, கம்பியை மடிக்கணினியின் மைக் துளையில் கொடுத்தோம். மடிக்கணினி செகண்டுக்கு 44,100 தடவை அளக்கும், மடிப்புப் பிரச்சினை இல்லை. 63 வந்தது. கோட்டில் கிடைத்த 62.5-உம் கருவியில் கிடைத்த 63-உம் கைகோர்த்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோசம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஒன்று சொல்லவேண்டும்: மைக் துளை இருபதுக்குக் கீழே உள்ள மெதுவான அதிர்வுகளைச் சரியாகக் கேட்காது. பலகைக்கு இது உதவாது.

63 உறுதியானதும் அடுத்த சங்கடம். மூட்டுகள் எல்லாம் கெட்டியானவை என்று வைத்துப் போட்ட கணக்கில் 90 வந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். அதோடு இன்னொன்றையும் கவனித்தோம். சுத்தியலின் முகத்தில் அழிறப்பர் ஒட்டி மெதுவாகத் தட்டினால் 63, பலமாகத் தட்டினால் 57. ஒரே சட்டகம், ஒரே இடம். மீடிறன் தட்டும் பலத்தைப் பொறுத்து மாறினால் எங்கோ தொளதொளப்பு இருக்கிறது என்று அர்த்தம். அசைவு பெரிதாகும்போது மூட்டுக்குள் இருக்கும் இடைவெளி விளையாடுகிறது.

எந்த மூட்டு? 36 இருக்கின்றன. எல்லாவற்றையும் முடுக்கிப் பார்த்தோம், பெரிய மாற்றம் இல்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர், சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தட்டச் சொல்லுங்க" என்று உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒரு மூட்டில் வைத்தார். பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ரோலர் பேரிங் கெட்டுப்போனதா என்று பார்க்கும் அதே முறை. ஒரு பையன் மெதுவாகத் தட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார், தலையாட்டினார், அடுத்த மூட்டுக்குப் போனார். ஏழாவதில் நின்றார். "இது பேசுது" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காது வைத்துக் கேட்டார்கள். மற்ற மூட்டுகளில் ஒரு சுத்தமான "டொங்". இதில் அதன் வாலில் ஒரு சின்னக் கரகரப்பு.

மொத்தம் ஐந்து மூட்டு அப்படிப் பேசின. கழற்றிப் பார்த்தால் ஓட்டை போல்ட்டைவிடப் பெரிது. துளைக்கும்போது கை நடுங்கி அகன்றிருந்தது. மேலே எவ்வளவு முடுக்கினாலும் உள்ளே பக்கவாட்டில் நகரும். மாமா பால் டின் தகட்டைச் சின்ன வாராக வெட்டி, போல்ட்டைச் சுற்றி உருட்டி ஓட்டைக்குள் இறுக்கிப் போட்டார், மேலே ஸ்பிரிங் வாஷர். அன்று இரவு எட்டு மணிக்குத் தட்டினோம். 71. பலமாகத் தட்டினால் 70. மீதி 19 ஹெர்ட்ஸ் எங்கே போனது? தட்டையாக்கிய குழாய் முனைகளில். அந்த இடம் குழாயைவிட மென்மையானது. ஒரு மூட்டை மட்டும் தனியாகப் பிடித்துக் கனம் தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கணக்கில் போட்டதும் கணக்கும் எழுபதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பத்தால் வகுப்பது என்று நான் நம்பியிருந்த பாடம் இங்கேதான் மாறியது. குழாய் பத்தில் ஒன்றாகக் குறையும். மூட்டு குறையாது. போல்ட்டின் இடைவெளி, உராய்வு, முடுக்கும் பலம் எதுவும் அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்படாது. லாங்லியில் ஃப்ரீடம் நிலையத்துக்கு மாதிரி செய்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஐந்தில் ஒன்றாகச் செய்தால் கூடத்துக்குள் அடங்காது, பத்தில் ஒன்றாகச் செய்தால் மூட்டுகளைத் துல்லியமாகக் கடைய முடியாது. அதனால் உருவத்தைப் பத்தில் ஒன்றாக வைத்து, கனத்தையும் விறைப்பையும் மட்டும் ஐந்தில் ஒன்று மாதிரிக்கு ஏற்ற மீடிறன் வரும்படி அமைத்தார்கள். கலப்பு அளவு என்று அதற்குப் பெயர். உருவம் ஒரு கணக்கில், அதிர்வு இன்னொரு கணக்கில். இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஏமாற்று வேலைபோலத் தோன்றியது. எங்கள் மூட்டுகளைக் கையில் பிடித்த பிறகுதான் அது எவ்வளவு நேர்மையான வேலை என்று புரிந்தது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்.

தரையில் இன்னொரு மறைவும் இருக்கிறது. தொங்கும்போது சட்டகத்தின் சொந்தக் கனம் மூட்டுகளை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, தொளதொளப்பு வெளியே தெரியாது. விண்ணில் கனம் இல்லை, அங்கே அது அவிழும். இதைப் பார்ப்பதற்காகவே 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்துக்குள் மோட் என்ற ஆய்வில் ஒரு சின்னச் சட்டகத்தை மிதக்கவிட்டு ஆட்டினார்கள். அதே சட்டகத்தைத் தரையிலும் தொங்கவிட்டு அளந்து ஒப்பிட்டார்கள். எங்களால் அங்கே போக முடியாது. ஆனால் சட்டகத்தைக் கால்வட்டம் திருப்பித் தொங்கவிடலாம், கட்டும் இடத்தை மாற்றலாம். கயிற்றை முனைகளுக்கு நகர்த்தியபோது 71 என்பது 69 ஆனது. அந்த இரண்டு ஹெர்ட்ஸ் சட்டகத்துடையதல்ல, நாங்கள் பிடித்திருந்த விதத்துடையது. விடையோடு சேர்த்து அதையும் எழுதிவைத்தோம்.

பலகைக்குக் கருவியே தேவைப்படவில்லை. கண்ணால் எண்ணினோம். இருபது ஆட்டத்துக்கு 20 செகண்ட், அதாவது 1.0 ஹெர்ட்ஸ். கணக்கில் வந்ததோ 1.2. பாலித்தீனைக் கழற்றிவிட்டு, அதே கனத்துக்கு நூலைச் சட்டம் முழுக்கச் சமமாகச் சுற்றினோம். இருபது ஆட்டம் 17 செகண்டில் முடிந்தது. வித்தியாசம் காற்று. அகலமான மெல்லிய பலகை ஆடும்போது பக்கத்துக் காற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் உயரத்தில் காற்று கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவு ஐதானது, இருந்தும் இவ்வளவு. பெரிய நிலையங்களில் இதற்காக வெற்றிடக் கூடத்துக்குள் வைத்து அளக்கிறார்கள். நூல் சுற்றுவது ஏழைகளின் வெற்றிடக் கூடம் என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது.

பலகையில் எங்களால் தீர்க்க முடியாத ஒன்று மிஞ்சியது. பகல் ஒரு மணிக்கு அளந்த எண்ணும் மாலை மூடுபனி உள்ளே வந்த பிறகு அளந்த எண்ணும் ஒத்துவரவில்லை. மூங்கில் ஈரத்தைக் குடிக்கிறது, கனக்கிறது, விறைப்பும் குறைகிறது. தப்பு மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடாக்கித்தான் அடிப்பார்கள், ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சத்தம் செத்துவிடும் என்று ஒரு பையன் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னான். சரியான விளக்கம். அளக்கும் ஒவ்வொரு தடவையும் நேரம், மூடுபனி உண்டா இல்லையா என்று எழுதும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

கண்காட்சிக்கு முந்திய ஞாயிறு மாமா கேட்டார். "அப்ப தம்பி, இதையே பெரிசாச் செஞ்சு மேல அனுப்பினா எவ்வளவு ஆடும்?"

நான் பதில் சொல்லவில்லை, பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கேள்வி கேட்ட அதே பிள்ளை சொன்னாள்: "மூட்டு தொளதொளன்னு இருந்தா 5.7 வரைக்கும் இறங்கும் மாமா. நம்ம மாதிரி முடுக்கினா 7.1. முனையைத் தட்டையாக்காம நல்ல மூட்டுப் போட்டா 9-க்குப் பக்கத்துல போகலாம். பெரிய மூட்டு ஒண்ணைக் குடுத்தா அளந்துட்டு சரியாச் சொல்லுவோம்."

மாமா சிரித்துக்கொண்டே போனார். நான் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டேன். மாதிரி நேராக உண்மையைச் சொல்லவில்லை. அது எங்கள் கணக்கைத் திருத்தியது, திருந்திய கணக்குப் பெரியதைப் பற்றிப் பேசுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

கண்காட்சியில் சட்டகத்துக்குக் கீழே ஓர் அட்டை வைத்தோம். எழுதியது அந்தப் பிள்ளைதான். முதல் வரியில் "71 ஹெர்ட்ஸ்". அதற்குக் கீழே: "மூட்டு 36, ஐந்து திருத்தப்பட்டது. மெதுவான தட்டு. கயிறு 4.3 மீட்டர். கட்டிய இடம் முனையிலிருந்து 1 மீட்டர். இடம் மாற்றினால் 69. ரோலர் ஓடவில்லை." கடைசி வரியில் பலகை என்று எழுதி, இரண்டு எண்களையும் போட்டு, பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்: "மூடுபனி இல்லாத நாளில் மறுபடி அளக்க வேண்டும்."